ஆம்பிதியேட்டர்: பொருந்தாத பெயர் ஒட்டிக்கொண்ட கதை

அமெரிக்காவின் டென்வர் நகருக்கு மேற்கே, சுமார் 300 அடி உயரமுள்ள இரண்டு செம்பாறைகளுக்கு நடுவே ரெட் ராக்ஸ் ஆம்பிதியேட்டர் இருக்கிறது. அங்கே பாடிவிட்டால் பாடகருக்கு அது ஒரு தகுதி. ஆனால் சொல்லின் வேர்ப்படி பார்த்தால் அது ஆம்பிதியேட்டரே அல்ல.

கிரேக்கத்தில் ‘தியாட்ரான்’ என்றால் பார்க்கும் இடம். மலைச்சரிவில் ஜனங்கள் உட்காரும் படிவரிசைக்குத்தான் அந்தப் பெயர், மேடைக்கு அல்ல. ‘ஆம்ஃபி’ என்றால் இருபுறமும், சுற்றிலும். ஆக, ஆம்பிதியேட்டர் என்பது நடுவில் களமும் நாலாபுறமும் கூட்டமுமாக இருக்கும் கட்டடம். கி.பி. 80இல் திறக்கப்பட்ட ரோமின் கொலோசியம் அச்சு அசல் உதாரணம்.

இந்த வடிவத்தைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லும் கதை சுவையானது. கியூரியோ என்ற ரோமானியப் பிரமுகர், இறந்துபோன தன் தந்தையின் நினைவாக இரண்டு மர அரங்குகளைக் கட்டினார். இரண்டும் அச்சின்மேல் சுழலக்கூடியவை. காலையில் முதுகோடு முதுகு ஒட்டி நின்று தனித்தனி நாடகம். பிற்பகலில் இரண்டையும் திருப்பி முகத்துக்கு முகம் சேர்த்தால் முழு வட்டம், உள்ளே வாட்சண்டை. இரண்டு தியேட்டர் சேர்ந்து ஒரு ஆம்பிதியேட்டர்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வடிவமே இப்படித்தான் பிறந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு முன்பே, கி.மு. 70 வாக்கில், பொம்பெயி நகரில் கல்லால் ஒரு ஆம்பிதியேட்டர் கட்டிவிட்டார்கள். அதன் கல்வெட்டில் ஆம்பிதியேட்டர் என்ற சொல் இல்லை. ‘ஸ்பெக்டாகுலா’, அதாவது காட்சிகள் என்றுதான் இருக்கிறது. பொருள் முந்தி, பெயர் பிந்தி.

வட்டத்தில் சண்டை பார்க்கலாம். பாட்டுக் கேட்பது சிரமம். பாடுகிறவருக்கு முகம் ஒரு பக்கம்தானே? பாதிப் பேருக்கு அவர் முதுகுதான் கேட்கும். வெரோனா நகரின் ரோமானிய ஆம்பிதியேட்டரில் 1913இல், இசையமைப்பாளர் வெர்தியின் நூற்றாண்டுக்காக, அவருடைய ‘ஐடா’ ஓபராவை நடத்தினார்கள். இன்றும் ஓபரா விழா நடக்கிறது. மேடையை ஒரு கோடியில் போட்டு, அதற்குப் பின்னால் உள்ள படிகளைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். கியூரியோ ஒட்டவைத்ததை இவர்கள் மறுபடி வெட்டிவிட்டார்கள் என்று சொல்லலாம்.

இசைக்கென்றே கிரேக்கரிடம் தனிச்சொல் இருந்தது: ‘ஓடியான்’, பாட்டு மண்டபம். அதற்குக் கூரை உண்டு. ஏதென்ஸில் 2ஆம் நூற்றாண்டில் ஹெரோடெஸ் அட்டிகஸ் கட்டிய ஓடியானுக்குத் தேவதாரு மரக்கூரை. கூரை போய்விட்டது, நம் காலத்தில் அங்கே வானத்தின் கீழேதான் கச்சேரி நடந்திருக்கிறது. பாவம், அந்தச் சொல்லை 1930களில் இங்கிலாந்தின் சினிமாக் கொட்டகைகள் எடுத்துக்கொண்டன.

பிறகு எப்படி ரெட் ராக்ஸுக்கு இந்தப் பெயர் வந்தது? மலை சூழ்ந்த பள்ளத்தை ‘இயற்கை ஆம்பிதியேட்டர்’ என்று வருணிப்பது ஐரோப்பியப் பயண எழுத்தாளர்களின் வழக்கம். சண்டையும் ரத்தமும் உதிர்ந்து, சொல் வெறும் நிலவடிவத்துக்குப் பெயரானது. ரெட் ராக்ஸில் 1906இலேயே தற்காலிக மேடை போட்டுக் கச்சேரி நடந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் அரசு நடத்திய வேலைத்திட்டத்து இளைஞர்களைக் கொண்டு படிகளைக் கட்டினார்கள். 1941 ஜூனில் திறந்தார்கள். கட்டடக் கலைஞர் பர்ன்ஹாம் ஹாய்ட்டின் சாமர்த்தியம், பாறைகளை அப்படியே விட்டதில் இருக்கிறது. இருக்கை வெறும் மரப்பலகை. ஓரங்களில் ஜூனிபர் செடிகள். சுமார் 9,500 பேர் உட்காரலாம், எல்லாரும் மேடையைப் பார்த்து, ஒரே பக்கமாக. கிரேக்கன் வந்தால் வெறும் ‘தியாட்ரான்’ என்றுதான் சொல்வான்.

தமிழில் தியேட்டர் என்றால் சினிமா, இல்லாவிட்டால் ஆபரேஷன். நம் ‘அரங்கு’ வேறு திசையிலிருந்து வந்த சொல். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அரங்குக்கு 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்று அளவு தருகிறது. அது மேடையின் அளவு. கிரேக்கர் உட்காருமிடத்திலிருந்து தொடங்கினார்கள், நாம் ஆடுமிடத்திலிருந்து. அதனால்தான் ‘திறந்தவெளி அரங்கு’ என்று மொழிபெயர்க்கும்போது படிவரிசை காணாமல் போகிறது. மைதானத்தில் மேடை போட்டாலும் அதே பெயர்தான். ‘படியரங்கு’ என்று எழுதிப் பாருங்கள். இடமும் விளங்கும், நாலாபுறமா ஒருபுறமா என்ற வம்பும் இல்லை.