எக்கின் எட்டாவது நாய்

1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிகோலாய் எக் என்ற மருத்துவர் எட்டு நாய்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையை, கல்லீரலுக்குள் போகவிடாமல் நேராகக் கீழ்ப்பெருஞ்சிரையோடு இணைத்தார். ஏழு நாய்கள் ஒரு வாரத்துக்குள் செத்துப்போயின. எட்டாவது நாய் இரண்டரை மாதம் இருந்துவிட்டு ஆய்வுக்கூடத்தை விட்டே ஓடிப்போனது. அந்த ஒற்றை நாயை நம்பித்தான் 'ஷண்ட்' சிகிச்சையின் வரலாறு தொடங்குகிறது.

திண்டுக்கல் பக்கத்து ஆளுக்கு இதைப் புரியவைப்பது ஈஸி. குடகனாற்றுத் தண்ணி எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்பது இங்கே பழைய பஞ்சாயத்து. மேலே ஒரு மடையைத் திறந்தால் கரை தப்பிக்கும், கீழே வயல் காயும். சிரோசிஸில் கல்லீரல் இறுகி, ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் அழுத்தம் ஏறுகிறது. உணவுக்குழாயின் சிரைகள் புடைத்து வெடிக்கின்றன. ஷண்ட்தான் அந்த மடை.

மடையில் போன தண்ணி எங்கே போய்ச் சேர்கிறது என்பதை 1893இல் பாவ்லோவின் குழு காட்டியது. ஷண்ட் வைத்த நாய்களுக்கு இறைச்சி போட்டால் தள்ளாடின, கடித்தன, வலிப்பு வந்து நினைவிழந்தன. கல்லீரல் வடிகட்டாத அம்மோனியா மூளைக்குப் போயிருந்தது. பிரியாணி ஊர்க்காரன் சும்மா தாண்டிப்போகிற விஷயமில்லை இது. (இன்று இந்த நோயாளிகளுக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்வதில்லை. சித்தி இதை இன்னும் நம்பவில்லை.)

சித்தப்பாவுக்கு மதுரையில் வைத்தது 'டிப்ஸ்'. கழுத்துச் சிரை வழியாகக் குழாயை இறக்கி, கல்லீரலுக்குள்ளேயே ஸ்டென்ட் பொருத்துவது. மனிதருக்கு முதலில் 1988இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் செய்தார்கள். ரத்த வாந்தி நின்றது. இரண்டு மாதம் கழித்துப் பகலில் தூங்கி, ராத்திரி விழித்திருக்க ஆரம்பித்தார். கடைக் கணக்கு நோட்டில் அவர் கையெழுத்து கோணிப்போனதை முதலில் கண்டுபிடித்தவர் சித்திதான்.

முன்கூட்டியே தெரிந்திருக்க முடியுமா? இஞ்சினியர் புத்தி உடனே அங்கேதான் போகிறது.

கருவி இருக்கிறது. 1842இல் டாப்ளர் சொன்னது நட்சத்திர ஒளியைப் பற்றி. திண்டுக்கல் ஜங்ஷனில் நிற்காமல் போகும் ரயிலின் ஹார்ன் நம்மைத் தாண்டியதும் இறங்கி ஒலிப்பதும் அதே கணக்குதான். அல்ட்ராசவுண்டில் ரத்த அணுக்கள்தான் ரயில். போர்ட்டல் சிரையில் ரத்தம் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று பார்க்கலாம். ஆனால் கோணம் முக்கியம். 60 டிகிரியை 65 என்று குறித்தால் வேகம் 18 சதவீதம் கூடிக் காட்டும். 30ஐ 35 என்று குறித்தால் 6 சதவீதம்கூட வராது. மூச்சை அடக்க முடியாத, வயிற்றில் நீர் கோத்த ஆளிடம் ஐந்து டிகிரி பிசகுவது சாதாரணம்.

ஸ்டென்ட் அடைபடுகிறதா என்று சொல்வதில் டாப்ளர் கெட்டி. உள்ளே வேகம் விநாடிக்குச் சுமார் 90 முதல் 190 செ.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. மூளை குழம்புமா என்று கேட்டால் அவ்வளவு தெளிவான பதில் கிடைக்காது. வயது, முன்பே ஒருமுறை குழம்பியிருக்கிறாரா என்பதெல்லாம் அதைவிட நன்றாகச் சொல்கின்றன.

2000இல் மேயோ கிளினிக்கில் டிப்ஸ் நோயாளிகளின் ஆயுளைக் கணிக்கத்தான் ஒரு சூத்திரம் எழுதினார்கள். பிலிருபின், கிரியாட்டினின், ரத்த உறைவு நேரம் என்று அதில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனை. ஓட்டத்தின் வேகம் அதில் இல்லை. மெல்ட் என்ற பெயரில் அமெரிக்காவின் கல்லீரல் மாற்று வரிசையையே அது பிறகு தீர்மானித்தது.

சித்தப்பாவின் டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஓரமாக வைக்கிறார். பிறகு ஒரு தாளை நீட்டுகிறார். 1 முதல் 25 வரை எண்கள் சிதறிக் கிடக்கும். வரிசையாகக் கோடு போட்டு இணைக்க வேண்டும். போன மாதம் 17இல் கொஞ்ச நேரம் நின்றார். சித்தி வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.