கேட்போரே நடுவர்: கிரேக்கச் சொல்வன்மைக் கோட்பாடும் பேராக் தோட்டப்புற மேடையும்

கி.மு. 427ஆம் ஆண்டில் சிசிலித் தீவின் லியோன்டினி நகரிலிருந்து கோர்கியாஸ் என்பவர் ஏதென்ஸ் நகருக்குத் தூதராக வந்தார். தம் நகருக்குப் படையுதவி வேண்டி அவர் ஆற்றிய உரை, பேச்சுக்குப் பெயர்பெற்ற அந்நகர மக்களையே வியக்க வைத்தது. பின்னாளில் அவர் பெயரையே தலைப்பாகக் கொண்டு பிளேட்டோ ஓர் உரையாடல் நூலை இயற்றினார். மருத்துவரான தம் உடன்பிறந்தார் சொல்லியும் மருந்துண்ண மறுத்த நோயாளிகளைத் தாம் பேசியே இணங்க வைத்ததாகக் கோர்கியாஸ் அந்நூலில் பெருமை கொள்கிறார். சாக்ரட்டீஸ் அதனை ஏற்பதில்லை. உடலுக்கு நன்மை எதுவென அறியாமல் நாவுக்கு இனிமை தேடும் சமையல் போன்றதே சொல்வன்மை என்றும், அது முகமன் கூறும் பழக்கமேயன்றிக் கலையன்று என்றும் அவர் வாதிடுகிறார்.

இக்குற்றச்சாட்டுக்கு விரிவான விடை பிளேட்டோவின் மாணவரான அரிஸ்டாட்டிலிடமிருந்து வந்தது. அவர் இயற்றிய சொல்வன்மை நூலைத் தமிழில் அணியிலக்கணத்தோடு ஒப்பிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது பொருந்துவதாக நாம் கருதவில்லை. அணியைப் பற்றிய பகுதி அந்நூலின் மூன்றாம் பிரிவில்தான் வருகிறது. முதலிரு பிரிவுகளும் பேசுவோன், கேட்போர், பேசுபொருள் என்னும் மூன்றையும், அவற்றினின்று பிறக்கும் இணக்கத்தையும் ஆராய்கின்றன. பேசுவோனின் பண்பு (எதோஸ்), கேட்போரின் மனநிலை (பாத்தோஸ்), உரையின் நியாயம் (லோகோஸ்) ஆகியவற்றை அவர் இணங்கவைக்கும் வழிகள் என்கிறார். கேட்போர் வகிக்கும் நிலையைக் கொண்டே உரைகளையும் வகைப்படுத்துகிறார். வழக்குமன்ற உரையில் கேட்போர் நடந்தது குறித்துத் தீர்ப்பளிக்கின்றனர். ஆலோசனை உரையில் நடக்கவிருப்பது குறித்து முடிவெடுக்கின்றனர். புகழ்ச்சி உரையில் பேசுவோனின் திறத்தைக் காணும் பார்வையாளராக அமைகின்றனர்.

திருக்குறளில் சொல்வன்மை (65), அவையறிதல் (72), அவையஞ்சாமை (73) ஆகிய அதிகாரங்கள் அமைச்சியலில் இடம்பெறுவது இவ்விடத்தில் கருதத்தக்கது. வள்ளுவரின் பேச்சாளன் அமைச்சன். அரசனுக்கு முன்னும் கற்றோர் அவையிலும் பேசுபவன். அரிஸ்டாட்டிலின் பேச்சாளனோ வாக்குரிமை பெற்ற குடிமக்களுக்கு முன் நிற்பவன். அரசரவையும் குடிமக்கள் மன்றமும் இல்லாத இடத்தில் இணங்கவைக்கும் கலை எவ்வாறு இயங்கும்? இவ்வினாவுக்குப் பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களின் வரலாறு தெளிவானதொரு விடையைத் தருகிறது.

ஈப்போ வட்டாரத் தமிழர் மேடைப்பேச்சுக்குப் புதியவரல்லர். 1929 டிசம்பரில் மலாயா வந்த ஈ.வெ. ராமசாமி ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டில் உரையாற்றினார். எனினும் தோட்டத்துக்குள் பொதுப்பேச்சுக்கு இடம் குறைவு. துரை, கிராணி, கங்காணி என்னும் அடுக்கில் சொல் மேலிருந்து கீழ்நோக்கியே வந்தது. விடியற்காலைப் பிரட்டில் தொழிலாளி கேட்டது கட்டளை. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் கூட்டம் கூடுவதே ஐயத்துக்குரியதாயிற்று. 1955ஆம் ஆண்டின் முதல் பொதுத்தேர்தலில் வாக்காளருள் இந்தியர் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரே. ஆகவே வாக்குக் கேட்கும் அரசியலும் தோட்டத் தொழிலாளியைத் தீர்ப்புச் சொல்பவனாகப் பெரிதும் கருதியதில்லை.

இந்நிலையில்தான் தோட்டத் துண்டாடல் பரவியது. பெருந்தோட்டங்களை வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி விற்றனர். அங்குப் பால்வெட்டிய தொழிலாளி வேலையை இழந்ததோடு லயத்து வீட்டையும் இழந்தான். தமிழ்ப்பள்ளியும் கோயிலும் நிலைகுலைந்தன. 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை உங்கு அசிஸ் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து வெளியிட்டது நம் வாசகர் பலர் அறிந்ததே.

சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1955இல் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரான வீ.தி. சம்பந்தன் இதற்கு ஒரு வழி கண்டார். தொழிலாளர்கள் தத்தம் சேமிப்பை ஒன்று திரட்டித் தோட்டங்களைத் தாமே வாங்க வேண்டும் என்பதே அது. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960இல் தோன்றியது. அவசரகாலம் முடிவுற்றதும் அவ்வாண்டிலேயே. அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று, ஆளுக்குப் பத்து வெள்ளி போடுமாறு தொழிலாளர்களைக் கேட்டார். நாட்கூலிக்காரருக்கு அது பல நாள் உழைப்பின் பயன்.

அம்மேடைகளின் சொல்லழகை நாம் இங்கு ஆராயவில்லை. பேச்சு நிகழ்ந்த சூழலையே நோக்குகிறோம். அரிஸ்டாட்டில் அச்சத்தைப் பற்றிக் கூறும் நுட்பமானதோர் கருத்து இங்குத் துணைசெய்கிறது. அச்சம் மனிதரை ஆலோசிக்கத் தூண்டுகிறது. ஆனால் தப்ப வழியே இல்லை என எண்ணுவோர் எதையும் ஆலோசிப்பதில்லை. அஞ்சுவோனிடம் சிறிதளவேனும் நம்பிக்கை எஞ்சியிருத்தல் வேண்டும். துண்டாடலைப் பற்றிய அச்சத்தைத் தோட்டத்தில் யாரும் பேசி உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தைக் கண்டாலே போதும். குறைவாயிருந்தது நம்பிக்கையே. பத்து வெள்ளி என்னும் சிறு தொகை அவ்விடத்தை நிரப்பியது என்பது நம் கருத்து. தோட்டம் வாங்குவது தொழிலாளியின் கைக்கு எட்டாதது. பத்து வெள்ளி கொடுப்பது எட்டக்கூடியது. எட்டாத ஒன்றை எட்டும் அளவுக்குப் பகுத்துக் காட்டியதில்தான் அவ்வுரையின் நியாயம் இருந்தது.

பேசுவோன் பண்பைப் பொறுத்தவரை அரிஸ்டாட்டிலோடு நாம் மாறுபட வேண்டியுள்ளது. நம்பகத்தன்மை உரையினின்றே பிறக்க வேண்டும், பேசுவோனைப் பற்றி முன்னரே நிலவும் கருத்தினின்று அன்று என்கிறார் அவர். அவருக்கு மூத்தவரான ஐசோகிரட்டீஸோ, ஒருவரின் வாழ்வு தரும் சான்று அவர் சொல் தரும் சான்றினும் வலிது என்றார். கங்காணியிடமும் வட்டிக்காரரிடமும் ஏமாந்து பழகிய தோட்டத்து மக்களிடம் ஐசோகிரட்டீஸின் கருத்தே செல்லும். சம்பந்தனின் நிலையோ இருமுனைப்பட்டது. அவர் தந்தையார் வீராசாமி 1896இல் மலாயா வந்து உழைத்து இரப்பர்த் தோட்டங்களுக்கு உடைமையாளரானவர். தமிழன் தோட்டம் வாங்க முடியும் என்பதற்கு அக்குடும்பமே சான்று. அதே வேளையில் அவர் முதலாளியின் மகன், அமைச்சர். ‘இவருக்கென்ன, நம் பணமல்லவா போகும்?’ என்று ஒரு பால்வெட்டுக்காரர் எண்ணியிருந்தால் அதில் பிழையில்லை.

அந்த ஐயத்தைத் தீர்க்க உரை மட்டும் போதாது. எடுத்துக்காட்டுகளை நியாயத்துக்கு முன் வைத்தால் பல வேண்டும், பின் வைத்தால் ஒன்றே போதும், அது சாட்சியாக நிற்கும் என அரிஸ்டாட்டில் உரைநெறி வகுக்கிறார். 1961இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. முதலில் உரை, பின்னர் ஒரே ஒரு தோட்டம். அதன்பின் சங்கம் மேலும் பல தோட்டங்களை வாங்கி வளர்ந்தது.

இதனைத் தமிழாசிரியர்களுக்கு எழுதும்போது ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. நம் பள்ளிகளின் பேச்சுப்போட்டி பெரும்பாலும் அரிஸ்டாட்டில் கூறும் மூன்றாம் வகையைச் சார்ந்தது. எதுகை மோனை, ஏற்ற இறக்கம், இறுதியில் கைதட்டல். கேட்போர் எதையும் முடிவு செய்வதில்லை. தோட்டத்துத் திடலில் அமர்ந்து கேட்டவரோ வீடு திரும்பியதும் குடும்பத்தோடு கலந்து, பணத்தைக் கொடுப்பதா வேண்டாவா என முடிவு செய்தாக வேண்டும். முகமன் உரைக்கு அங்கு வேலையில்லை.

இம்முயற்சியை மிகைப்படுத்தலும் கூடாது. கூட்டுறவுச் சங்கத்தால் துண்டாடலை முற்றிலும் நிறுத்த முடியவில்லை; அது வாங்கியவை விற்பனைக்கு வந்த தோட்டங்களுள் ஒரு பகுதியே. சங்கத்தின் தோட்டத்தில் வேலை செய்த உறுப்பினர் பங்குதாரரான பின்னரும் மறுநாள் விடியலில் கூலியாளாகவே பிரட்டுக்குச் சென்றார். ஆயினும் அவர் கேட்போராய் இருந்து முடிவெடுத்ததோடு தொடர்பு முடிந்துவிடவில்லை. சங்க உறுப்பினர் என்ற முறையில் கணக்குக் கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. வருவது குறித்து முடிவெடுத்தவரே நடந்தது குறித்துத் தீர்ப்புச் சொல்பவராகவும் ஆனார். மேடையில் நின்று பணம் கேட்டவர்கள் இப்போது அவருக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது.