ஓர் அச்சுப்பொறியும் பத்துக் கணினிகளும்: பகிர்வு பிறந்த கதை



அண்மையில் பள்ளியின் பொருளறையைத் துப்புரவு செய்தபோது மூலையில் ஓர் அட்டைப்பெட்டி அகப்பட்டது. அதனுள்ளே ஹப் ஒன்றும், பழுப்பேறிய கம்பிவடங்களும், விண்டோஸ் 98 குறுவட்டு ஒன்றும் இருந்தன. உடனிருந்த இளைய ஆசிரியர், "இது என்ன சார்?" என்று வினவினார். ஒரு காலத்தில் நம் பள்ளியின் பத்துக் கணினிகளையும் ஒரே அச்சுப்பொறியையும் இணைத்து வைத்தது இதுதான் என்றேன். கம்பி இல்லாமலே எல்லாம் இயங்கும் காலத்தில் ஆசிரியரானவர் அவர், வியப்புடன் பார்த்தார். அன்று அவருக்குச் சொன்ன கதையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

அச்சுப்பொறிக்காகப் பிறந்த வலை

ஒரு கட்டடத்திற்குள் கணினிகளைப் பிணைக்கும் சிறு வலையமைப்பை 'லேன்' என்கிறோம். அது தோன்றியதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று அச்சுப்பொறி என்றால் பலர் நம்பமாட்டார்கள்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், பாலோ ஆல்டோ நகரில் சீராக்ஸ் நிறுவனம் 1970-இல் ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது. கேரி ஸ்டார்க்வெதர் என்னும் பொறியாளர் 1971-இல் அங்கு வந்து, நகலெடுக்கும் இயந்திரம் ஒன்றை மாற்றியமைத்து, லேசர் ஒளியால் எழுதும் அச்சுப்பொறியை உருவாக்கினார். அது வினாடிக்கு ஒரு பக்கம் அச்சிட வல்லதாக இருந்தது. 1973-இல் அதே நிலையத்தில் ஆல்டோ என்னும் தனியாள் கணினியும் உருவாயிற்று. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணினி என்பது அவர்களின் கனவு. ஆனால், ஒவ்வொருவருக்கும் ஒரு லேசர் அச்சுப்பொறி என்பது எண்ணிப் பார்க்கவும் இயலாத செலவு. ஆகவே, பல கணினிகளையும் ஓர் அச்சுப்பொறியையும் ஒரே வடத்தில் கோக்கவேண்டிய தேவை எழுந்தது.

அதற்கு வழி கண்டவர் ராபர்ட் மெட்காஃப். 1973-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் தம் கருத்தைக் குறிப்பாக எழுதி நிலையத்தாருக்கு அளித்தார். டேவிட் பாக்ஸ் என்பவருடன் சேர்ந்து அதை உருவாக்கியும் காட்டினார். அதன் பெயரே ஈதர்நெட். ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சன் 1971-இல் இயக்கிக் காட்டிய அலோஹாநெட் என்னும் வானொலி வலையமைப்பிலிருந்து அதன் அடிப்படை பெறப்பட்டது.

அந்த அடிப்படையை நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஆசிரியர் கூட்டத்தில் இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் இருவரும் நிறுத்துவர். சற்றுப் பொறுத்து ஒருவர் மீண்டும் தொடங்குவார். மற்றவர் அவர் முடிக்கும்வரை காத்திருப்பார். ஈதர்நெட்டின் விதியும் இதுவே. செய்திகள் மோதினால் இரு கணினிகளும் நிறுத்திக்கொள்ளும். பின்னர் ஒவ்வொன்றும் வெவ்வேறு சிறுபொழுது காத்திருந்து மீண்டும் அனுப்பும். 'இப்போது நீ பேசு' என்று ஆணையிடும் தலைமைக் கணினி தேவையில்லை. ஒருவரையொருவர் மதித்து நடப்பார்கள் என்னும் நம்பிக்கையே அந்த அமைப்பின் அடித்தளமாக இருந்தது. இதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

நெகிழ்வட்டிலிருந்து கம்பிக்கு

1981-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினி சந்தைக்கு வந்தது. அலுவலகங்களில் கணினிகள் பெருகின. ஆனால், ஒரு கணினியில் எழுதியதை இன்னொன்றில் காண நெகிழ்வட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கவேண்டியிருந்தது. வன்தட்டும் அரிய பொருள். 1983-இல் வந்த ஐ.பி.எம். கணினி ஒன்றின் வன்தட்டுக் கொள்ளளவு 10 மெகாபைட்டு மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களே அதனை நிரப்பிவிடும்.

அதே 1983-இல் நாவெல் நிறுவனத்தின் நெட்வேர் வெளிவந்தது. ஒரு கணினியைப் பணியாளாக நிறுத்தி, அதன் வன்தட்டையும் அச்சுப்பொறியையும் மற்றக் கணினிகளுக்குப் பொதுவாக்குவது அதன் முறை. 1985-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட லேசர்ரைட்டர் அச்சுப்பொறியின் விலை 6,995 அமெரிக்க டாலர். அந்த விலையில் ஆளுக்கொன்று வாங்க யாரால் இயலும்? பல கணினிகள் அதைப் பகிர்ந்துகொள்ள ஆப்பிள்டாக் என்னும் எளிய வலையமைப்பையும் அந்நிறுவனமே வழங்கியது. சீராக்ஸ் நிலையத்தில் நடந்ததுதான் மீண்டும் நடந்தது. பொருள் அரிதானது, ஆகவே பகிர்வு தேவைப்பட்டது.

நம் பள்ளிகளுக்கு நெருக்கமான கதை ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய பேரி ஃபைகன்பாமிடம் தொடங்குகிறது. 1980-களின் தொடக்கத்தில் அவர் ஒரு நெறிமுறையை வகுத்தார். அதுவே பின்னாளில் எஸ்.எம்.பி. என்று பெயர் பெற்றது. ஒரு நிரல் 'இந்தக் கோப்பைத் திற, படி, எழுது' என்று தன் கணினியைக் கேட்கிறது அல்லவா? அந்த வேண்டுகோளை இடைமறித்து, கம்பி வழியே இன்னொரு கணினிக்கு அனுப்பி, விடையைக் கொண்டுவந்து கொடுப்பதே எஸ்.எம்.பி. செய்யும் பணி. கோப்பு அடுத்த அறையில் இருக்கிறது என்பது நிரலுக்குத் தெரியவே தெரியாது.

1992-இல் வந்த விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ் இந்த வசதியைச் சாதாரணப் பயனரிடம் கொண்டுவந்தது. தனியாக ஒரு பணியாள் கணினி இனித் தேவையில்லை. எந்தக் கணினியும் தன் கோப்புறையைத் திறந்துவைக்கலாம், தன் அச்சுப்பொறியைப் பொதுவாக்கலாம். 1995-இல் விண்டோஸ் 95 வந்தபோது 'அக்கம்பக்கம்' என்று பொருள்படும் சின்னம் ஒன்று முகப்புத் திரையிலேயே இடம்பெற்றது.

கம்பிவடமும் மாறியது. தொடக்க நாள்களில் தொலைக்காட்சி வடம் போன்ற ஒன்றில் கணினிகளை வரிசையாகக் கோப்பார்கள். ஒரு துண்டு 185 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. 30 இணைப்புகளுக்கு மேல் கூடாது. தீபாவளிக்குத் தொங்கவிடும் வண்ண விளக்குச் சரத்தைப்போல, எங்கேனும் ஓரிடத்தில் இணைப்பு விட்டுப்போனால் அனைத்தும் நின்றுபோகும். 1990-இல் தரப்படுத்தப்பட்ட முறுக்குக் கம்பி வடமும் நடுவே அமரும் ஹப்பும் இந்தத் தொல்லையைத் தீர்த்தன. ஒரு வடம் பழுதானால் ஒரு கணினி மட்டுமே விலகும்.

கான்பெராவில் ஒரு மாணவர்

இக்கதையில் ஆசிரியர்கள் அறிந்துகொள்ளவேண்டிய ஒருவர் ஆண்ட்ரூ டிரிஜெல். 1991-ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவராக இருந்தவர். தம் டாஸ் கணினியிலிருந்து வேறுவகை இயங்குதளம் கொண்ட கணினியின் கோப்புகளை அடைய விரும்பினார். அதற்குரிய நெறிமுறையின் விவரம் அவர் கையில் இல்லை. ஆகவே, இரு கணினிகள் கம்பியில் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டு, எந்தக் கேள்விக்கு எந்த விடை வருகிறது என்று குறித்து, அந்த மொழியைத் தாமே கற்றார். அயலூரில் கடைவீதியில் நின்று பிறர் பேச்சைக் கேட்டே அவ்வூர் மொழியைக் கற்பவரை ஒத்தது அவர் முயற்சி. 1992-இன் தொடக்கத்தில் தாம் எழுதிய நிரலை அனைவருக்கும் இலவசமாகவே வெளியிட்டார். அந்த மொழி எஸ்.எம்.பி. என்பது அவருக்குப் பின்னரே தெரியவந்தது.

பெயர்ச் சிக்கல் ஒன்று எழுந்தபோது, எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் அவ்வரிசையில் வரும் சொற்களைக் கணினியின் சொற்பட்டியலில் தேடி, சாம்பா என்னும் பெயரைத் தேர்ந்தார். விலைக்கு வாங்கிய மென்பொருளும் விலையில்லா மென்பொருளும் ஒரே கம்பியில் பேசிக்கொள்ள அவர் வழிவகுத்தார். பழைய கணினி ஒன்றில் லினக்சையும் சாம்பாவையும் நிறுவி, பள்ளிக்கான கோப்புப் பணியாளாக ஆக்க முடிந்தது அவரால்தான்.

எங்கள் பத்துக் கணினிகள்

இனி எம் பள்ளிக்கு வருவோம். 2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியபோது, பள்ளிகளுக்கு மடிக்கணினிகளும் திரைக்காட்டிகளும் வந்தன. அதற்கு முன்னரே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உதவியாலும் நல்லுள்ளங்களின் நன்கொடையாலும் விண்டோஸ் 98 கொண்ட பழைய கணினிகள் சில எங்களிடம் இருந்தன. மொத்தம் பத்து, அச்சுப்பொறியோ ஒன்றே ஒன்று. அது கணினி அறையில் இருந்தது. ஆசிரியர் அறையோ கட்டடத்தின் மறுகோடியில்.

2004-ஆம் ஆண்டின் பள்ளி விடுமுறையில் பெற்றோர் ஒருவரும் நானும் சேர்ந்து வடம் இழுத்தோம். இரண்டு நாள் கழிந்தும் கணினிகள் ஒன்றையொன்று காணவில்லை. ஒன்றின் பணிக்குழுப் பெயர் 'வொர்க்குரூப்', இன்னொன்றினது 'எம்.எஸ்.ஹோம்' என்று இருந்ததைக் கண்டு பெயரை ஒன்றாக்கினோம். அணைத்துவிட்ட கணினி பட்டியலில் தொடர்ந்து தெரிந்ததும் எங்களைக் குழப்பியது. கணினிகள் 12 நிமிடத்திற்கு ஒருமுறைதான் 'நான் இருக்கிறேன்' என்று அறிவிக்கும் என்பதையும், மும்முறை அறிவிப்பு வராத பின்னரே பெயர் நீக்கப்படும் என்பதையும் பின்னர்தான் கற்றோம்.

தமிழுக்கென்று தனித் தொல்லையும் இருந்தது. கோப்பு திறக்கும்; ஆனால், எழுத்துருவும் குறியாக்கமும் வேறாக இருந்தால் திரையில் பொருளற்ற குறிகளே தெரியும். ஆகவே, பகிர்ந்த கோப்புறையில் கோப்புகளோடு எழுத்துருக்களையும் வைத்தோம். விண்டோஸ் 2000 முதலே யூனிகோடு தமிழுக்கு ஆதரவு வந்துவிட்டது என்றாலும், எங்கள் விண்டோஸ் 98 கணினிகளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

கதவைத் திறந்து வைத்தவன்

அவ்வாண்டு ஒருநாள் மாலை, ஆறாம் ஆண்டு மாணவர்களின் முன்னோட்டத் தேர்வுக்கான தமிழ்மொழி வினாத்தாளை ஆசிரியர் அறையிலிருந்து அச்சிட அனுப்பினேன். கணினி அறைக்குச் சென்று பார்த்தால் தாள் தீர்ந்திருந்தது. நேரமாகிவிட்டதால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீடு திரும்பினேன். அனுப்பிய பணி, அச்சுப்பொறி இணைந்திருந்த கணினியின் வரிசையில் காத்திருக்கும் என்பதை அன்று நான் அறிந்திலேன்.

மறுநாள் காலை கணினிக் கழக மாணவர்கள் வாழ்த்து அட்டை அச்சிடத் தாள் வைத்தார்கள். வெளிவந்தது என் வினாத்தாள். அத்தேர்வை எழுதவிருந்த மாணவி ஒருத்தி தாள்களைக் கவிழ்த்தபடியே என்னிடம் எடுத்துவந்து, "சார், முதல் பக்கம் மட்டும் பார்த்துட்டேன். மத்தது பார்க்கலை" என்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. தவறு செய்தவள் அவளல்லள் என்று அவளுக்கு விளங்கவைக்கவே நெடுநேரம் ஆயிற்று. அன்றிரவு புதிய வினாத்தாளை எழுதி முடித்தபோது மணி இரண்டு.

அதன்பிறகுதான் எங்கள் பகிர்வைக் கூர்ந்து நோக்கினேன். எல்லாக் கோப்புறைகளும் எல்லாருக்கும் முழு உரிமையுடன் திறந்துகிடந்தன. மதிப்பெண் பட்டியலும் அப்படியே. கடவுச்சொல் இட்டேன். ஆனால் விண்டோஸ் 95, 98 ஆகியவற்றின் பகிர்வுக் கடவுச்சொல்லில் ஒரு குறை இருந்தது 2000-ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டிருந்தது. முதல் எழுத்தை மட்டும் சரியாகச் சொன்னாலே கதவு திறந்துவிடும்படி ஒருவரால் செய்ய முடிந்தது. அதற்கான திருத்தத்தையும் தேடி நிறுவவேண்டியிருந்தது.

ஒரே ஆய்வகத்தில் ஒருவரையொருவர் அறிந்தவர்களுக்காகத் தோன்றிய முறை, அறியாதவர்களும் நுழையும் உலகிற்கு வந்துவிட்டது. அதன் விளைவை உலகம் 2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் கண்டது. வானாகிரை என்னும் தீநிரல், எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பில் இருந்த ஓட்டை வழியே கணினி விட்டுக் கணினி தாவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் முடங்கின. பிரிட்டனில் மருத்துவமனைகளும் தப்பவில்லை. அதற்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளிவந்திருந்தது; நிறுவாதவர்கள் பலர். அவ்வாண்டு இறுதி முதல் புதிய விண்டோஸ் பதிப்புகளில் அந்த முதற்பதிப்பு இயல்பாக இடம்பெறுவதில்லை. விண்டோஸ் எக்ஸ்பியும் அதற்கு முந்தியவையும் அதை மட்டுமே பேசும் என்பதால், இன்றைய கணினிகளோடு அவற்றால் கோப்புகளைப் பகிர இயல்வதில்லை. அது பழுதன்று, வேண்டுமென்றே அடைக்கப்பட்ட கதவு. பழைய கணினிக்காக அதைத் திறக்க முனையவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய கணினிகளைப் பிணைத்தே ஆகவேண்டுமெனில், அவற்றை இணையத்திலிருந்து முற்றாகப் பிரித்துத் தனி ஹப்பில் வையுங்கள். ஒரே ஒரு கோப்புறையை மட்டும், படிப்பதற்கு மட்டும் பகிருங்கள். வினாத்தாளும் மதிப்பெண்ணும் அதில் வேண்டா. பொது அச்சுப்பொறிக்கு எதையேனும் அனுப்பினால், தாள் கையில் வரும்வரை அருகிலேயே நில்லுங்கள். வீட்டிலும் பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே அச்சுப்பொறியைப் பயன்படுத்தும்போது இவை பொருந்தும்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த வினாத்தாளுக்கு இன்று எந்த மதிப்பும் இல்லை. ஆனால், கவிழ்த்த தாள்களோடு என் முன் நின்ற அந்த மாணவியை நான் மறக்கவில்லை. பிள்ளைகளின் நேர்மையை நம்பலாம். அந்நேர்மையைச் சோதிக்கும்படி நம் கதவுகளைத் திறந்துபோட்டுச் செல்வது நம் பொறுப்பின்மை.

அட்டைப்பெட்டியை நான் வீசவில்லை. அடுத்த முறை கணினிக் கழகத்தில் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக எடுத்துவைத்திருக்கிறேன். உங்கள் பள்ளியிலும் இத்தகைய பெட்டி இருக்குமாயின், வீசுவதற்குமுன் பிள்ளைகளிடம் அதன் கதையைச் சொல்லுங்கள்.