ஜெஃபர்ஸனின் பனிக் கணக்கு

1774-ம் ஆண்டு, மே 4. அமெரிக்காவின் வர்ஜீனியா. வசந்தம் வந்தாச்சு. வயலில் கோதுமை பச்சைப்பசேல் என்று நிற்கிறது. திராட்சைக் கொடியில் புதுத் தளிர். ஆனால், தூரத்தில் ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடர் பனி மூடி வெள்ளையாகக் கிடக்கிறது. மே மாதத்தில்!

மறுநாள் உறைபனி கீழேயும் வந்துவிட்டது. கோதுமை, மக்காச்சோளம், புகையிலை நாற்று... கிட்டத்தட்ட எல்லாம் காலி. மரத்து இலைகள்கூடக் கருகிவிட்டன. இதையெல்லாம் குறித்துவைத்தவர் முப்பத்தொரு வயது தாமஸ் ஜெஃபர்ஸன். ஆமாம், பிற்பாடு அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதியான அதே ஜெஃபர்ஸன்தான்! மான்டிசெல்லோ என்ற அவருடைய மலைத்தோட்டத்தில் பழங்களில் ஏறக்குறைய பாதி நாசம்.

'பனியில் எப்படி சார் இலை கருகும்?' என்று கேட்கிறீர்களா? இலைக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்தால் செல்கள் சிதைந்துபோகும். வெயில் ஏறியதும் இலை கறுத்துத் தொங்கிவிடும். நீலகிரி தேயிலைத் தோட்டக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

குளிர்நாட்டுத் தோட்டக்காரருக்கு இரண்டு தேதிகள் முக்கியம். வசந்தத்தின் கடைசி உறைபனி, குளிர்காலத்துக்கு முன்பு வரும் முதல் உறைபனி. நடுவில் இருக்கிற நாட்கள்தான் தக்காளிக்கும் பீன்ஸுக்கும் ஆயுசு. ஒரு ரகம் காய்க்க எண்பது நாள் ஆகுமென்றால், அந்த எண்பதும் இந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும். குளிர் தாங்கும் பட்டாணியை மட்டும் கொஞ்சம் முன்னாடியே விதைக்கலாம்.

சரி, அந்தத் தேதிகளை யார் சொல்வது? இன்று வானிலைத் துறை முப்பது வருடக் கணக்கைப் பார்த்துச் சொல்கிறது. அன்று அப்படி ஒரு ஆபீஸே கிடையாது. ஜெஃபர்ஸன் தானே எழுத ஆரம்பித்தார். அவருடைய தோட்டக் குறிப்பேடு தொடங்குவது 1766 மார்ச் 30-ல். எது எப்போது விதைத்தது, எப்போது பூத்தது, எப்போது சாப்பாட்டு மேஜைக்கு வந்தது என்று எல்லாம் அதில் உண்டு. 1776 ஜூலை 4, சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்ட நாள். அன்றைய செலவுக் கணக்கில் பிரகடனத்தை எழுதிய மனிதர் என்ன குறித்திருக்கிறார் தெரியுமா? ஒரு தெர்மாமீட்டர் வாங்கிய காசு!

எழுதி எழுதி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். மலையடிவாரத்து மரங்களைப் பனி கொன்றுபோட்ட நாளிலும், உச்சியில் பழமரப் பூக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம் எளிது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். ஆக, ஊருக்குச் சொல்லும் பனித் தேதி உங்கள் தோட்டத்துக்குப் பொருந்தாமல் போகலாம். பிற்பாடு அவர் தென்கிழக்குச் சரிவை வெட்டி, ஆயிரம் அடி நீளத்துக்குக் காய்கறித் தோட்டம் அமைத்தார்.

'அமைத்தார்' என்று சுலபமாக எழுதிவிட்டேன். மண்ணை வெட்டியவர்கள் அடிமைகள். அங்கே தோட்டக்காரராக உழைத்த வோர்ம்லி ஹியூஸும் ஓர் அடிமைதான். 1826-ல் ஜெஃபர்ஸன் இறந்தபோது அவருக்குக் குழி வெட்டியதும் அவரே. அதன்பின் ஹியூஸை விடுவித்தார்கள். ஆனால், அவர் மனைவி அர்சுலாவையும் பிள்ளைகளையும் 1827 ஜனவரியில் ஏலத்தில் விற்றார்கள், ஜெஃபர்ஸன் வைத்துவிட்டுப்போன கடனுக்காக.

இனி அந்தக் குறிப்பேட்டைப் பற்றி எங்காவது படித்தால், ஹியூஸையும் நினைத்துக்கொள்ளுங்கள். தேதியை எழுதியது ஜெஃபர்ஸன். அந்தத் தேதியில் மண்ணில் கைவைத்தவர்கள் வேறு ஆட்கள்.