பெட்டகத்திற் கிடந்த படங்கள்

எங்கள் பாட்டனார் காலமானபின் அவருடைய பெட்டகத்தைத் திறந்தோம். காணி உறுதிகளுக்கும் சாதக ஓலைகளுக்கும் அடியிலே 11 நிழற்படங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றிலே கோட்டும் தலைப்பாகையும் அணிந்த எழுவர் காணப்படுகின்றனர். நடுவில் இருப்பவர் எங்கள் பூட்டனார் என்பதை மாத்திரம் அறிவோம். மற்றை அறுவர் யாவர்? பாட்டனாரின் தங்கையாரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். ஒருவரை மாத்திரம் அடையாளங் கண்டு பெயர் சொன்னார். பின்பு, "அண்ணர் இருக்கேக்கை கேட்டிருக்கலாமே, பிள்ளையள்" என்றார். அதற்கு நாம் விடை சொல்லவில்லை.

படம் ஒட்டிய அட்டையின் கீழ்ப்புறத்திலே கோலாலம்பூர்ப் படநிலையமொன்றின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. தைப்பிங்கிலிருந்து போட் வெல்ட் வரையான புகையிரதப் பாதை 1885இல் திறக்கப்பட்டது. அக்காலந்தொட்டு யாழ்ப்பாணத்தார் பலர் மலாயாவுக்குச் சென்று, புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்தனர். ஊருக்குக் காசு வந்த வழியே படமும் வந்தது. மகன் சுகமாயிருக்கின்றான் என்பதற்குத் தாய்க்கு அதுவே சாட்சி. கலியாணப் பேச்சுக்கும் அதுவே துணை. (அப்படங்களில் ஒருவரேனும் சிரிப்பதில்லை. உத்தியோகத்தர் சிரிக்கலாகாது என்று எண்ணினர் போலும்!)

பெயரில்லாத முகத்துக்குப் பெயர் தேடுவதற்கு நம்மவரிடத்தே ஒரு நல்ல கருவி உண்டு. ஒருவர் இறந்து 31ஆம் நாளில் வீட்டார் வழங்கும் நினைவு மலரைக் கல்வெட்டு என்கின்றோம். கடதாசியில் அச்சிட்டாலும் பெயர் கல்வெட்டே. இறந்தவரின் படம், பிறந்த ஊர், பெற்றோர், பார்த்த உத்தியோகம், கொண்டான் கொடுத்தான் உறவு யாவும் அதிலே வரும். அண்மைக் காலத்துக் கல்வெட்டுகள் சிலவற்றில் பதிகங்களுக்குப் பல பக்கமும் வரலாற்றுக்கு அரைப்பக்கமும் ஒதுக்குகின்றனர். இது நமக்கு உடன்பாடன்று. பதிகங்களை வேறு நூல்களிலும் ஓதலாம். அப்புவின் வரலாறு அங்கேயன்றி வேறெங்கே கிடைக்கும்? 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்திலே இத்தகைய நினைவு மலர்கள் பல சேர்ந்துள்ளன. உறவினர் வீடுகளிற் கிடந்த பழைய கல்வெட்டுகளைப் புரட்டி, எழுவருள் மேலும் இருவரின் பெயரை நாம் அறிந்தோம்.

ஆயினும் கல்வெட்டும் படமும் ஒருங்கே இழந்த குடும்பங்களே நம் நாட்டில் மிகப் பல. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். உறுதியையும் அடையாள அட்டையையும் நகையையும் எடுத்தவர்கள், சுவரிற் தொங்கிய படத்தை எடுக்கவில்லை. நாலு நாளில் திரும்பலாம் என்பது பலரின் எண்ணம். மாதங்கள் கழிந்து மீண்டபோது ஆணியை மாத்திரம் கண்டவர்கள் உண்டு.

இழந்தவர்களுக்கும் ஒரு வழி இருக்கின்றது. அக்காலத்திலே ஒரே படத்திற் பல பிரதிகள் எடுத்து உறவினருக்கு அனுப்பினர். இங்கே அழிந்தது மலேசியாவிலோ இலண்டனிலோ கனடாவிலோ ஒரு பெட்டியிற் கிடக்கலாம். எங்கள் படத்தின் மறுபிரதி கோலாலம்பூரிலுள்ள உறவினர் வீட்டில் இருந்தது. அதன் பின்புறத்தில் ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தது.

இளைஞர்கள் கைத்தொலைபேசியாற் படம் பிடித்துக்கொள்வது நன்றே. ஆனால் ஈரத்தினாற் கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிய்க்க முயலவேண்டாம். மேற்படை கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு மேலாகவே பிடிக்கலாம். பசையுள்ள அல்பங்களும் ஆகா. பசை படத்தைக் கெடுக்கும். பெயர்களைப் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால், இடப்பக்கத்திலிருந்து முறையாக, அழுத்தாமல் எழுதுக. பேனா மை நாளடைவில் முன்புறத்துக்கு ஊறிவிடும். எல்லாவற்றுக்கும் முன்னர், படத்தைப் பெரியவர் ஒருவரின் மடியில் வைத்துவிட்டு அருகில் இருக்கவேண்டும். சொல்லுகிறவருக்குக் கண் மங்குமுன் இது நடக்கவேண்டும்.

எங்கள் படத்தின் பின்புறத்தில் இப்பொழுது ஐந்து பெயர்கள் உள. இடக்கோடியில் நிற்பவரும், குடையை ஊன்றியபடி வலக்கோடியில் நிற்கும் மீசை அரும்பாத இளைஞரும் யாரென்று கேட்டு, சென்ற மாதமும் ஒரு கடிதம் எழுதியுள்ளோம்.