அண்ணல் தங்கிய அறைகள்

லண்டனில் பிரிம்ரோஸ் ஹில் பக்கம், கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் வீட்டை மகாராட்டிர அரசு 2015இல் முப்பது லட்சம் பவுனுக்கு மேல் கொடுத்து வாங்கியது. 1921-22இல் அண்ணல் அம்பேத்கர் தங்கிப் படித்த வீடு அது. நினைவகமாக்கக் கூடாதென்று அக்கம்பக்கத்தில் சிலர் ஆட்சேபம் கிளப்ப, கேம்டன் நகராட்சி அனுமதி மறுத்தது. 2020 மார்ச்சில்தான் சிக்கல் தீர்ந்தது. வீட்டு விலை பத்திரிகைகளில் அடிபட்ட அளவுக்கு, அதே கூரையின் கீழ் ஒரு மாணவர் என்ன தின்று படித்தார் என்பது அடிபடவில்லை.

நம்ம ஆட்கள் எழுதும் வரலாறுகளிலும் 'வறுமையிலும் படித்தார்' என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் வாடகை இருக்கிறது, பசி இருக்கிறது.

1920இல் அவர் இரண்டாம் முறை லண்டன் போனபோது கையில் இருந்தது பம்பாய் சைடனாம் கல்லூரியில் வேலை பார்த்துச் சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகாராஜா தந்த உதவி, நண்பர் நாவல் பதேனாவிடம் வாங்கிய கடன் ஐயாயிரம். இதில்தான் படிப்பு, புத்தகம், ஊரில் இருக்கும் ரமாபாய், பிள்ளைகள் எல்லாம். ஆகவே வீட்டுக்காரம்மா ஒருத்தி அறையும் கொடுத்துச் சோறும் போடுகிற போர்டிங் ஹவுஸ்தான் கட்டுப்படியானது. அறை மலிவு என்றால் சாப்பாடும் மலிவு. தனஞ்செய் கீர் எழுதிய வரலாற்றில் இது விவரமாக இருக்கிறது. காலையில் ஒரு துண்டு மீன், ஒரு கப் தேநீர், ஜாம் தடவிய ரொட்டி. அதோடு பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்துக்குப் போனால் மாலை வரை படிப்பு. ராத்திரி ஒரு கோப்பை போவ்ரில், நாலு பிஸ்கட். போவ்ரில் என்றால் மாட்டிறைச்சிச் சாறு. எழுதுகிறவர்கள் பெயரைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் நழுவுவார்கள். நாம் எதற்கு மறைக்கணும்? நடுராத்திரி பசித்தால் தெரிந்தவர் கொடுத்த அப்பளத்தைச் சுட்டுத் தின்றிருக்கிறார். இப்படிக் கிடந்து எழுதிய 'ரூபாயின் சிக்கல்' ஆய்வுக்குத்தான் 1923இல் டி.எஸ்சி. பட்டம்.

நியூயார்க் இதற்கு முந்தியது. பரோடா அரசர் மாதம் பதினொன்றரை பவுன் உதவித்தொகை தர, 1913 ஜூலையில் கொலம்பியா போய்ச் சேர்ந்தார். முதலில் ஹார்ட்லி ஹால் விடுதி. பிறகு 114ஆவது தெருவில் இந்திய மாணவர்கள் இருந்த காஸ்மோபாலிட்டன் கிளப். கடைசியாக லிவிங்ஸ்டன் ஹால். இன்று அதன் பெயர் வாலக் ஹால். அங்கே அறைத்தோழர் ஒரு பார்சி. மேலே சொன்ன நாவல் பதேனாதான். ஐயாயிரம் கடனுக்கு வேர் அந்த அறையில் இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் ஆயுசுக்கும் தோழனானான். சேரியில் பிறந்தவனுக்கும் மற்றவனுக்கும் நடுவே இது நடக்க இந்தியாவில் எந்த விடுதியில் இடமிருந்தது?

அதற்காக அமெரிக்காவைச் சொர்க்கமாக்க வேண்டியதில்லை. அண்ணல் கிளம்பி எட்டு வருடம் கழித்து, 1924இல், அதே பல்கலைக்கழகத்தின் ஃபர்னால்ட் ஹாலில் பிரெடரிக் வெல்ஸ் என்ற கறுப்பின சட்ட மாணவர் அறை எடுத்தார். வெள்ளை மாணவர்கள் சிலர் எதிர்த்தார்கள். விடுதிக்கு எதிரே சிலுவையைக் கொளுத்தி மிரட்டினார்கள். அவர் அறையைக் காலி செய்யவில்லை. இந்தியர் என்பதால் அண்ணலுக்குத் திறந்த கதவு, அந்த ஊரிலேயே பிறந்த கறுப்பருக்கு நெருப்போடு திறந்தது.

உதவித்தொகைக்கு ஈடாகப் பரோடாவில் பத்து வருடம் வேலை செய்ய ஒப்பந்தம். 1917இல் அங்கே போனார். கொலம்பியாவில் எம்.ஏ. முடித்தவர், சமஸ்தான உத்தியோகம், கையில் காசு. ஆனால் அறை? இந்து விடுதியில் சேர்க்க மாட்டார்கள். பார்சிச் சத்திரத்தில் பார்சிப் பெயர் சொல்லி, நாளுக்கு ஒன்றரை ரூபாய்க்குத் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடியோடு பத்துப் பன்னிரண்டு பார்சிகள் வந்து நின்றார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள். பதேனாவும் பார்சிதான், இவர்களும் பார்சிதான். இந்த மண்ணில் சாதி இந்து மதத்தோடு நிற்பதில்லை. அடுத்து ஓர் இந்து நண்பர், ஒரு கிறித்தவ நண்பர் என்று கேட்டுப் பார்த்தார். இந்து நண்பர், நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறித்தவர் மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இருவருமே பார்ப்பனராக இருந்து மதம் மாறியவர்கள்.

லண்டன் வீட்டுக்காரி வாடகையைத்தான் கேட்டாள். பரோடாவில் வாடகை கையில் இருந்தும் வாங்க ஆளில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் பம்பாய் ரயில். அதுவரை காமாத்தி பாக் பூங்காவில் போய் உட்கார்ந்திருந்தார்.