தலைகீழாகப் பார்த்த படங்கள்

பௌர்ணமி கிரிவலத்தில் கேமராவும் கையுமாக நடப்பவர்களைத் திருவண்ணாமலையில் எண்ணி முடியாது. அந்த ஊருக்கு 1950 ஏப்ரலில் ஒரு பெரிய கை வந்து போயிருக்கிறது. ஹென்றி கார்த்தியே பிரெசோன், பிரான்சுக்காரர். ரமண மகரிஷியை அவருடைய கடைசி நாட்களில் படமெடுத்தவர். ஏப்ரல் 14 இரவு மகரிஷி மறைந்த நேரத்தில், வானத்தில் ஒரு ஒளி நகர்ந்து மலையுச்சிப் பக்கம் போய் மறைந்ததைப் பார்த்து, உடனே கடிகாரத்தைப் பார்த்தாராம். மணி 8.47!

இந்தக் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் தன் படங்களைப் பற்றி மற்றவர்கள் சொன்னதை எப்படி வாங்கிக்கொண்டார் என்பது அதைவிட சுவாரஸ்யம். இத்தனைக்கும் உலகமே கொண்டாடியபோதும் தன்னை 'அமெச்சூர்' என்றே சொல்லிக்கொண்டவர்.

தொடக்கத்தில் அவர் படித்தது ஓவியம். 1927-28-ல் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் மாணவர். லோத்துக்குக் கோடும் கணக்கும்தான் எல்லாம். அந்தக் கெடுபிடி தாங்காமல் மாணவர் ஒருநாள் கிளம்பிவிட்டார், ஆனால் கற்றது கண்ணிலேயே தங்கிவிட்டது. பிறகு 1947-ல் மேக்னம் நிறுவனத்தை நண்பர்களோடு தொடங்கிய சமயம், ராபர்ட் காப்பா ஒரு எச்சரிக்கை விடுத்தார். சர்ரியலிசப் புகைப்படக்காரர் என்ற முத்திரை விழுந்தால் அதிலேயே மாட்டிக்கொள்வாய், பத்திரிகைப் படக்காரன் என்று சொல்லிக்கொள், உள்ளுக்குள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்பதுதான் அதன் சாரம். அவரும் கேட்டார். இந்தியா, சீனா, இந்தோனேசியா என்று கிளம்பியது அதற்குப் பிறகுதான்.

அடுத்தது டெல்லி. 1948 ஜனவரி 30 பிற்பகல், பிர்லா மாளிகையில் காந்தியிடம் தன் படங்கள் அடங்கிய புத்தகத்தைக் காட்டினார். 1947-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சியை ஒட்டி வந்தது அது. (போரில் அவர் இறந்துவிட்டார் என்று நினைத்து அஞ்சலியாகத் திட்டமிட்ட கண்காட்சி. கடைசியில் ஆளே நேரில் வந்து நின்றார்!) காந்தி மெதுவாகப் புரட்டி, பிணவண்டியைப் பார்த்தபடி நிற்கும் கவிஞர் போல் குளோதெல் படத்தில் நிறுத்தினார். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு, மரணம் என்ற ஒரே சொல்லை மூன்று முறை சொன்னார். அன்று மாலையே அவர் சுடப்பட்டார்.

நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று எதுவுமே காந்தி சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்தப் படத்தில் கண் நின்றது, அதில் என்ன தெரிந்தது, அவ்வளவுதான். படமெடுத்தவனுக்கு 'சூப்பர்' என்ற சொல்லைவிட இது எவ்வளவோ மேல்.

பிரெசோன் மற்றவர்களின் படத்தைப் பார்க்கும் விதமே தனி. படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிப்பார். வேடிக்கைக்காக இல்லை. தலைகீழாகப் பார்த்தால் முகமும் கதையும் பின்னுக்குப் போய், வெளிச்சமும் கோடும் வடிவமும் மட்டும் மிஞ்சும். பிள்ளையின் சிரிப்பில் மயங்கி, பின்னால் தலையில் முளைத்த மாதிரி நிற்கும் கரண்ட் கம்பத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தால் இப்போது பிடிபட்டுவிடும். லோத் சொல்லிக்கொடுத்த பாடம்தான், வேறென்ன!

நம் நாட்டில் இதனால் பலன் பெற்றவர் ரகு ராய். சிவில் என்ஜினீயரிங் படித்தவர். 1960களின் நடுவில் ஒரு கிராமத்தில் கழுதைக் குட்டியைப் படமெடுத்தார். அண்ணன் எஸ். பால் ஏற்கெனவே பெயர்பெற்ற புகைப்படக்காரர். தம்பியைப் பாராட்டியதோடு நிற்காமல் படத்தை லண்டன் டைம்ஸுக்கு அனுப்பிவைத்தார், அது அச்சாகியும் விட்டது. 1971-ல் பாரிஸில் ரகு ராயின் கண்காட்சியைப் பார்த்த பிரெசோன், 1977-ல் அவரை மேக்னத்துக்குப் பரிந்துரைத்தார்.

பிரெசோனுக்கே கிடைத்த கடுமையான கருத்து ஒன்று பாக்கி. 1952-ல் அவருடைய மிகப் புகழ்பெற்ற புத்தகத்தைப் பதிப்பித்த தெரியாத், பிற்பாடு அவரிடம் நேராகவே சொன்னார்: புகைப்படத்தில் நீ சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டாய், ஓவியத்துக்குத் திரும்பு. சொன்னவர் எதிரி இல்லை, சொந்தப் பதிப்பாளர். வேறு யாராக இருந்தாலும் அந்த நட்பு அன்றோடு முறிந்திருக்கும். 1970களின் தொடக்கத்திலிருந்து கேமரா எப்போதாவதுதான் வெளியே வந்தது. 2004-ல் 95 வயதில் இறக்கும்வரை அவர் கையில் பெரும்பாலும் இருந்தது பென்சில்தான்.